ஓ.எஸ்.எஸ். 117: கெய்ரோவில் தெரியாதது, ரியோவில் மறைத்தது

உளவாளிப் படங்களைக் கிண்டல் பண்ற படம் என்றால் நம்ம ஆட்களுக்கு டக்கென்று ஞாபகம் வருவது ரெண்டு பேர். ஒருத்தர் ஆஸ்டின் பவர்ஸ் (1997), இன்னொருத்தர் ஜானி இங்கிலிஷ் (2003). ரெண்டுக்கும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. இந்த மாதிரி இரண்டாம் பாகத்துக்கு ஒரு ஃபார்முலா உண்டு. முதல் படத்தில் எந்த இடத்தில் தியேட்டர் சிரித்ததோ, அதையே இன்னும் கொஞ்சம் பெரிசா, இன்னும் கொஞ்சம் சத்தமா திரும்பச் செய்ய வேண்டியது. அவ்வளவுதான்.

இந்த ஃபார்முலாவில் மாட்டாத ஒரு ஜோடி பிரான்சில் இருக்கிறது. 2006-ல் வந்த "ஓ.எஸ்.எஸ். 117: கெய்ரோ, உளவாளிகளின் கூடு", 2009-ல் வந்த "ஓ.எஸ்.எஸ். 117: ரியோவிலிருந்து பதில் இல்லை". இயக்குநர் மிஷெல் ஹசானவீசியுஸ், ஹீரோ ழான் துஜார்தான். பின்னாடி 2011-ல் "தி ஆர்ட்டிஸ்ட்" எடுத்து, 2012-ல் சிறந்த படம், இயக்குநர், நடிகர் என்று ஐந்து ஆஸ்கர்களை அள்ளிக்கொண்டு போனார்களே, அதே கூட்டணி.

ரெண்டையும் வெறும் காமெடியாப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் சரித்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு நாடு தன்னைப் பற்றியே எப்படிப் பொய் சொல்லிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டாம் படத்தின் முடிவை உடைத்துத்தான் எழுதியிருக்கிறேன். அது தெரியக்கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாங்க.

ஒரிஜினல் ஆசாமி

ஓ.எஸ்.எஸ். 117 என்பது சினிமாக்காரர்கள் புதுசாக் கண்டுபிடித்த கேரக்டர் இல்லை. ழான் ப்ரூஸ் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1949-லேயே எழுத ஆரம்பித்த துப்பறியும் நாவல் வரிசையின் நாயகன். அயன் ஃப்ளெமிங்கின் முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவல் வந்தது 1953-ல். அதாவது 007-க்கு 117 அண்ணன்!

நாவலில் இவன் பெயர் உபேர் பொனிசர் த லா பாத். பிரெஞ்சு வம்சாவளியில் வந்த அமெரிக்கன். ஓ.எஸ்.எஸ். என்பதே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருந்த அமெரிக்க உளவு அமைப்பின் பெயர்தான். ப்ரூஸ் 1963-ல் கார் விபத்தில் இறந்துபோனார். அதற்கப்புறம் அவர் மனைவி ஜோசெத் எழுதினார், பிறகு பிள்ளைகள் எழுதினார்கள். மொத்தம் 200 நாவல்களைத் தாண்டிவிட்டது. நம்ம ஊர் மாத நாவல் கணக்குத்தான் :-)

அறுபதுகளில் இதை வைத்துப் படங்களும் வந்தன. சிரிப்புக்காக இல்லை, சீரியஸாகவே எடுத்தார்கள். அதில் ஒன்று 1965-ல் வந்தது, கதை பிரேசிலில் நடக்கும். அதில் ஹீரோவா நடித்த ஃப்ரெடெரிக் ஸ்டாஃபோர்டைத்தான் பிறகு ஹிட்ச்காக் "டோபாஸ்" (1969) படத்துக்குக் கூட்டிப் போனார்.

ஹசானவீசியுஸும் கதாசிரியர் ழான்-ஃபிரான்சுவா ஹாலனும் செய்த முதல் வேலை, இந்த அமெரிக்கனை நூற்றுக்கு நூறு பிரெஞ்சுக்காரனாக மாற்றியது. மொத்த ஜோக்கும் அந்த ஒரு மாற்றத்தில்தான் நிற்கிறது.

கெய்ரோ, 1955

முதல் படத்தின் கதை சிம்பிள். உபேரின் நண்பன் ஜாக் கெய்ரோவில் காணாமல் போகிறான். ஒரு சோவியத் ஆயுதக் கப்பலும் மாயம். மேலதிகாரி நம்ம ஆளை அனுப்புகிறார். போய் ஜாக்குக்கு என்ன ஆச்சுன்னு பாரு, கப்பலைக் கண்டுபிடி, அப்படியே மத்தியக் கிழக்கில் சமாதானத்தையும் உண்டாக்கிட்டு வந்துடு என்கிற ரேஞ்சில் உத்தரவு. இவனும் ஏதோ கடைக்குப் போய் சோப்பு வாங்கிட்டு வரச் சொன்ன மாதிரி, "பிரச்சனையே இல்லை" என்று கிளம்புகிறான். அங்கே ஊருக்குக் காட்டும் வேஷம், கோழி வியாபாரக் கம்பெனி முதலாளி.

உபேர் கெட்டவன் கிடையாது. சண்டை போடுவான், சிரிப்பான், டான்ஸ் ஆடுவான். ஆனால் ஒரு மண்ணும் தெரியாது. விடியற்காலையில் மோதினார் பாங்கு சொல்கிற சத்தத்தில் தூக்கம் கெட்டுப்போகிறது. நேரா மேலே ஏறிப் போய் அவர் வாயை அடைத்துவிட்டு வந்து படுக்கிறான். ஒரு ஊரே கொதிக்கிறது, இவனுக்கு ஏன் என்று கடைசிவரை புரியவில்லை. உதவியாளர் லார்மினாவிடம் (பெரேனிஸ் பெஜோ) இஸ்லாத்தைப் பற்றி, உங்களுக்கே கொஞ்ச நாளில் சலித்துவிடும் என்கிற தொனியில் பேசுகிறான்.

சூயஸ் கால்வாயைப் பார்க்கும் காட்சி இன்னும் விசேஷம். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இதைக் கட்டியிருக்கீங்களே என்று எகிப்தியர்களைப் பாராட்டுகிறான். கால்வாய்க்கு 86 வயதுதான் என்று லார்மினா திருத்துகிறாள். 1869-ல் திறந்த கால்வாய், கதை நடப்பது 1955, கணக்கு சரி. அதைத் தோண்டிய கம்பெனியை நடத்தியவர் ஃபெர்தினாந்த் த லெஸ்ஸெப்ஸ். பிரெஞ்சுக்காரர். தன் நாட்டு ஆள் செய்த வேலையே தெரியாதவன்தான் ஊர் உலகத்துக்கு நாகரிகம் சொல்லித்தரக் கிளம்பியிருக்கிறான்.

கோழிப்பண்ணை ஊழியருக்கு அன்பளிப்பா இவன் கொடுப்பது என்ன தெரியுமா? பிரான்சின் ஜனாதிபதி ரெனே கோத்தியின் போட்டோ! சரித்திரத்தில் நிலைத்து நிற்கப் போகிற பெரிய மனுஷன் என்று பெருமை வேறு. பிரெஞ்சு தியேட்டர்களில் இந்த இடத்தில் ஏன் சிரிப்பு வருகிறது என்றால், கோத்தியைச் சரித்திரம் அப்படியெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. 1953 டிசம்பரில் பாராளுமன்றத்தில் 13 சுற்று ஓட்டுப் போட்டு, வேறு யாருக்கும் மெஜாரிட்டி வராமல், கடைசியில் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1959 ஜனவரியில் த கோலிடம் பதவியைக் கொடுத்துவிட்டு அமைதியா வீட்டுக்குப் போய்விட்டார்.

நமக்கும் இந்தக் கோத்திக்கும் ஒரு சின்ன சம்பந்தம் உண்டு. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த 1954 நவம்பர் 1 அன்று பிரான்சின் ஜனாதிபதி இவர்தான். அதே நாளில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால், மே 7 அன்று, வியட்நாமில் தியென் பியென் ஃபூ விழுந்தது. 1956 மார்ச்சில் மொராக்கோவும் துனீசியாவும் சுதந்திரம் அடைந்தன. ஜூலை 26 அன்று நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் கடைசியில் இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து எகிப்து மேல் பாய்ந்தன. அமெரிக்காவும் சோவியத்தும் கண்ணை உருட்டியதும் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று.

இதெல்லாம் தெரிந்து படத்தைப் பார்த்தால் உபேரின் சிரிப்பு வேறு மாதிரித் தெரியும். வீட்டின் ஒவ்வொரு சுவரும் இடிந்து விழுந்துகொண்டிருக்கும்போது, நடுக்கூடத்தில் நின்று வீட்டுக்காரரின் போட்டோவை விருந்தாளிகளுக்கு விநியோகம் பண்றவன் அவன்.

2006-ல் ஏன் இந்த ஜோக்?

படம் வெளியான தேதியும் முக்கியம். 2005 பிப்ரவரி 23 அன்று பிரான்சில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் நாலாவது பிரிவு, கடல்கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரான்ஸ் செய்த "நல்ல காரியங்களை" பள்ளிப் பாடத்திட்டம் அங்கீகரிக்க வேண்டும் என்றது. சரித்திர ஆசிரியர்கள் கொதித்துப்போனார்கள். 2006 தொடக்கத்தில் அந்தப் பகுதியை மட்டும் நீக்கினார்கள்.

நடுவில் 2005 அக்டோபர், நவம்பரில் புறநகர்க் கலவரம். இரண்டு சிறுவர்கள் போலீசுக்குப் பயந்து ஓடி, மின் நிலையத்தில் ஒளிந்து, ஷாக் அடித்து இறந்துபோனதில் ஆரம்பித்தது. அரசாங்கம் நெருக்கடி நிலையை அறிவித்தது. எந்தச் சட்டத்தை வைத்து? 1955 ஏப்ரலில், அல்ஜீரியப் போருக்காகக் கொண்டுவந்த சட்டத்தை வைத்து!

படம் ரிலீஸ் 2006 ஏப்ரல் 19. கதை நடக்கும் வருஷம் 1955. படம் எடுத்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி உள்ளே போன ஜனங்கள் வெளியே எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பது முக்கியம். உபேர் ஐம்பது வருஷப் பழைய ஆசாமி என்று நினைத்துச் சிரிக்கலாம். அந்தப் பழைய ஆசாமியின் சட்டம் ஆறு மாதம் முன்னால்தான் தூசி தட்டி எடுக்கப்பட்டிருந்தது.

ரியோ, 1967

அடுத்த படத்தில் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. தலைமுடி ஸ்டைல் மாறியிருக்கிறது, திரையை நாலா எட்டாப் பிரித்துக் காட்டும் அந்தக் காலத்து ஸ்டைல் வந்திருக்கிறது, கடற்கரையில் ஹிப்பிகள். உபேர் மட்டும் மாறவில்லை.

இந்த முறை வேலை: ரியோவில் ஒளிந்திருக்கும் நாஜி ஃபான் ஸிம்மலிடம் ஒரு மைக்ரோஃபிலிம் இருக்கிறது. போர்க்காலத்தில் நாஜிகளோடு கைகோத்த பிரெஞ்சுக்காரர்களின் பட்டியல். பணத்தைக் கொடுத்து அதை வாங்கி வர வேண்டும். உபேரின் முதல் எண்ணமே, அது ரொம்பச் சின்னப் பட்டியலா இருக்குமே என்பதுதான். எல்லா பிரெஞ்சுக்காரர்களும் நாஜிகளை எதிர்த்துப் போராடினார்கள் என்று த கோல் சொல்லியிருக்கிறாரே!

இஸ்ரேலின் மொசாத்தும் அதே நாஜியைத் தேடுகிறது, அவனை விசாரணைக்குக் கொண்டுபோக. அதன் அதிகாரி டோலோரெஸ் (லூயிஸ் மோனோ) உபேரோடு சேர்ந்துகொள்கிறாள். ஒரு பெண் தனக்குச் சமமான அதிகாரி என்பதே இவனுக்குச் செரிக்கவில்லை. ஜெர்மன் தூதரகத்துக்கே போய், பழைய நாஜிகள் சங்கம் ஏதாவது உண்டா என்று விசாரிக்கிறான். பழைய மாணவர் சங்கம் மாதிரி :-) யூதர்களும் நாஜிகளும் பழசை மறந்து சமாதானமாப் போனால் என்ன என்று டோலோரெஸிடமே கேட்கும் ஆள் இவன்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. பிரேசிலில் அப்போது ராணுவ ஆட்சி (1964 முதல் 1985 வரை). சர்வாதிகாரம் என்றால் என்ன என்று டோலோரெஸ் இவனுக்கு அடையாளம் சொல்கிறாள். ராணுவத்திலிருந்து வந்த ஜனாதிபதி, ரகசிய போலீஸ், அரசாங்கத்தின் கையில் இருக்கும் டிவி. இப்படி ஒரு நாட்டை என்னவென்று சொல்வீங்க என்கிறாள். உபேர் யோசிக்கவே இல்லை, பெருமையாகச் சொல்கிறான்: பிரான்ஸ்!

ஜோக்தான், ஆனால் அடிப்படை இல்லாத ஜோக் இல்லை. 1967-ல் பிரான்சின் ரேடியோ, டிவி எல்லாம் ஓ.ஆர்.டி.எஃப். என்ற அரசு நிறுவனத்தின் கையில்தான் இருந்தன. மார்செல் ஓஃப்யூல்ஸ் 1969-ல் எடுத்த ஆவணப்படம் ஒன்று, ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ஒரு சாதாரண பிரெஞ்சு ஊர் எப்படி நடந்துகொண்டது என்று அந்த ஊர் ஆட்களையே பேச வைத்துக் காட்டியது. தியேட்டருக்கு 1971-ல் வந்துவிட்டது. பிரெஞ்சு டிவி அதைக் காட்டியது 1981-ல்.

பட்டியலில் யார்?

உபேர் சொல்லும் அந்த "எல்லாரும் எதிர்த்தார்கள்" கதை எங்கிருந்து வந்தது? 1944 ஆகஸ்ட் 25 அன்று, விடுவிக்கப்பட்ட பாரிசில் நின்று த கோல் பேசினார். பாரிஸ் தன்னைத் தானே விடுவித்துக்கொண்டது, பிரான்ஸ் முழுவதும் துணை நின்றது என்கிற மாதிரி. தோற்றுப்போய் அவமானப்பட்டு நின்ற நாட்டுக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் மருந்தாகக் கொடுத்ததையே இருபத்தைந்து வருஷம் சோறாகச் சாப்பிட்டார்கள்.

உண்மை என்ன? 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசிலும் சுற்றுப்புறத்திலும் 13,000-க்கு மேற்பட்ட யூதர்களைப் பிடித்தார்கள். அதில் 4,000-க்கும் மேல் குழந்தைகள். வீடு வீடாகப் போய்ப் பிடித்தது பிரெஞ்சு போலீஸ். அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன் 1972-ல், விஷி அரசு ஜெர்மானியர்கள் கேட்பதற்கு முன்னாலேயே தானா முன்வந்து ஒத்துழைத்ததை ஆவணங்களோடு எழுதினார். பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஒரு ஜனாதிபதி (ஷிராக்) வாயைத் திறந்து ஒப்புக்கொண்டது 1995 ஜூலை 16-ல். ஐம்பத்துமூன்று வருஷம் ஆனது.

படத்தில் மைக்ரோஃபிலிமில் இருக்கும் பெயர்களில் ஒன்று யாருடையது? உபேரை அனுப்பிய மேலதிகாரி லெசின்யாக் பெயர்! இதைப் பார்த்தும் உபேருக்கு உலகம் இடிந்து விழவில்லை. முதல் படத்தில் அவனுக்கு விஷயம் தெரியாது. இதில் விஷயம் கையிலேயே இருக்கிறது, ஆனாலும் தெரிந்துகொள்ள மாட்டேன் என்கிறான். ரெண்டு படத்துக்கும் நடுவில் நடந்திருக்கும் பெரிய நகர்வு இதுதான்.

ரெண்டையும் சேர்த்த ஒரே ஆள்

காலனி ஆணவம் ஒரு கதை, நாஜிகளோடு ஒத்துழைத்தது வேறு கதை, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மோரிஸ் பாப்போன் என்ற அதிகாரியின் சர்வீஸ் ரெக்கார்டைப் பாருங்க.

1942 முதல் 1944 வரை போர்தோ நகரில் பெரிய அதிகாரி. அங்கிருந்து சுமார் 1,600 யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள், காகிதங்களில் இவர் கையெழுத்து. போர் முடிந்ததும் தண்டனையா? இல்லை, காலனிகளில் பதவி. உபேர் கெய்ரோவில் கோழி வியாபாரம் பார்க்கும் நேரத்தில் இவர் மொராக்கோவில். அப்புறம் அல்ஜீரியா. 1958-ல் பாரிஸ் போலீஸ் தலைவர். 1961 அக்டோபர் 17 அன்று பாரிசில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களை இவருடைய போலீஸ் அடித்துக் கொன்றது, உடல்கள் சேன் நதியில் மிதந்தன. அந்தப் பதவியை விட்டது 1967 ஜனவரியில், ரியோ படம் நடக்கும் அதே வருஷம். பிறகு 1978-ல் மந்திரி. 1981-ல் ஒரு பத்திரிகை பழைய போர்தோ ஆவணங்களை வெளியிட்ட பிறகுதான் குட்டு உடைந்தது. 1998-ல் தீர்ப்பு: மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்கு உடந்தை, பத்து வருஷ சிறை.

ரெண்டு படத்தின் விஷயமும் ஒரே மனுஷனின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. அடுத்தவனை மனுஷனா மதிக்காத பழக்கமும், தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்காத பழக்கமும் ஒரே வீட்டில் வளர்பவை. படத்தில் பாப்போன் பெயர் வராது. ஆனால் லெசின்யாக்கின் மேஜையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வருகிறது.

சரி, எது நல்ல படம்?

காமெடியா மட்டும் பார்த்தால் கெய்ரோதான். கச்சிதம். ஐம்பதுகளின் கலர், செட், கார் ஓட்டும்போது பின்னால் ஓடும் பொய்யான ரோடு, ஷான் கானரியைக் கரைத்துக் குடித்த துஜார்தானின் புருவம் எல்லாம் அளவா அமைந்தது. ரியோ அங்கங்கே தொய்கிறது. ஹிப்பிகள் பகுதி ரொம்ப நீளம். சீனாக்காரர்கள் பழிவாங்க வரும் ஜோக்கைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஆனால் கிளைமாக்ஸில் கிறிஸ்து சிலை மேல் நடக்கும் ஹிட்ச்காக் பாணித் துரத்தலும், ஷேக்ஸ்பியரின் ஷைலாக் பேசும் வசனத்தை நாஜிக்குப் பொருத்திய அந்தப் பிரசங்கமும் மறக்க முடியாதவை.

தைரியம் என்று பார்த்தால் ரியோதான். கெய்ரோவைப் பார்க்கும் பிரெஞ்சுக்காரர், "எங்க தாத்தா காலத்து ஆட்கள் அப்படி இருந்தாங்க" என்று சிரித்துவிட்டுப் போகலாம். ரியோவில் அந்த வசதி இல்லை. பட்டியலில் இருப்பதே தாத்தாவின் பெயராக இருக்கலாம்.

ரெண்டு படத்தின் மேலும் ஒரு நியாயமான குறை சொல்லலாம். உபேர் ரொம்ப அழகா இருக்கிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அவனோடு சேர்ந்து சிரிக்கிறோமா? தியேட்டரில் ரெண்டு சிரிப்பும் ஒரே சத்தம்தான். ஒவ்வொன்றையும் பிரான்சில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தியேட்டரில் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஒரே காரணத்துக்காகச் சிரித்திருக்க மாட்டார்கள். கெய்ரோவில் இந்த ஆபத்து அதிகம். அங்கே உபேரைத் திருத்துவது லார்மினா மட்டும், அவளும் கடைசியில் அவன் மேல் ஆசைப்படுகிறாள். ரியோவில் பார்ப்பவர்களுக்கு அவன் மேல் நிற்க ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பட்டியல் நிஜம் என்று அவர்களுக்குத் தெரியும்.

2021-ல் மூன்றாவது படமும் வந்தது. துஜார்தான் உண்டு, இயக்குநர் மட்டும் வேறு (நிக்கோலா பெதோஸ்). கதை 1981-ல், ஆப்பிரிக்காவில். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பார்ப்பதாக இருந்தால் கெய்ரோவை முதலில் பாருங்க, ஒரு வாரம் விட்டு ரியோ. என் ஓட்டு ரியோவுக்கு. அடுத்தவன் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதவனைக் கிண்டல் பண்ண ஒரு நல்ல நடிகர் போதும். சொந்த வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்க்க மறுக்கிறவனைக் கிண்டல் பண்ண வேண்டுமானால், அந்த வீட்டிலேயே பிறந்த ஒருத்தன் வேண்டும்.